ஜெபிப்பதற்கு முன் பிரேக்கைப் பாருங்கள்



இரண்டு மாதங்களுக்கு முன், ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய வாசலில் உங்களுக்கு விடைகொடுத்துக்கொண்டு நின்றபோது, நம் வாலிபர் ஐக்கியத்துத் தம்பி ஒருவர் என் கையைப் பற்றி, "ஐயா, வண்டி எடுத்திருக்கிறேன். வந்து ஒரு ஜெபம் பண்ண வேண்டும்" என்றார். வேப்ப மரத்தடியில் அந்த வண்டி நின்றது. கறுப்பு வண்ணம் புதிதாகப் பூசப்பட்டிருந்தது. இருக்கைக்குப் புது உறை. புகைக்குழாய் கண்ணாடிபோல் மின்னியது. முன்பக்கத்தில் ஒரு வேத வசனம் ஒட்டப்பட்டிருந்தது. கைப்பிடியில் மல்லிகைச் சரம்கூடச் சுற்றியிருந்தார்கள். சாவியை என் கையில் வைத்துவிட்டு, குடும்பத்தார் தலைகளை மூடிக்கொண்டு நின்றார்கள்.

நான் ஜெபிக்கவில்லை. குனிந்து டயரைப் பார்த்தேன். முன்பிரேக்கை அழுத்திப் பார்த்தேன். பிறகு சாவியைத் திருப்பிக் கொடுத்து, "தம்பி, இதைச் சீர்செய்து கொண்டுவாருங்கள். அன்றைக்கு ஜெபிக்கிறேன்" என்றேன்.

உங்களில் பலர் அதைக் கண்டீர்கள். "ஐயருக்கு விசுவாசம் குறைந்துவிட்டது" என்று சிலர் பேசிக்கொண்டதும் என் செவிக்கு எட்டியது. "ஆசையோடு வந்த பிள்ளையை நாலு பேர் நடுவில் அப்படி அனுப்பலாமா?" என்று ஒரு தாயார் என்னிடமே கேட்டார்கள். அந்தத் தாயார் கேட்டது நியாயம். அவரைத் தனியே அழைத்து நான் சொல்லியிருக்க வேண்டும். அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் மறுத்ததற்காக நான் வருந்தவில்லை. ஏன் என்பதை இவ்வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அந்தத் தம்பியின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது 2013-ஆம் ஆண்டில் பதிவான ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு 350. நெடுந்தூரம் போகிறவர்கள் விரும்பி வாங்கிய வண்டி. 20 லிட்டர் கொள்ளும் டாங்கி, சாய்ந்து அமரத்தக்க இருக்கை, முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக். அதன் சொந்தக்காரர் வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போனவர். 4 ஆண்டுகளாக வண்டி அவருடைய வீட்டு முகப்பில் நின்றது. வீடு தூத்துக்குடியில், கடற்காற்று நேரே வீசும் தெருவில். உப்பளத்துக்கு அருகில் வாழ்கிற உங்களுக்கு அந்தக் காற்று இரும்பை என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் கம்பியே சில ஆண்டுகளில் செதில் செதிலாக உதிரும்.

நம் தம்பி அதை 45,000 ரூபாய்க்கு வாங்கினார். மலிவுதான். ஒரு பட்டறையில் காரின் பேட்டரியிலிருந்து கம்பி இழுத்து, புதுப் பெட்ரோல் ஊற்றி, இயந்திரத்தை ஓடவைத்தார்கள். அது உறுமியதும் எல்லாருக்கும் மகிழ்ச்சி. உடனே பெயின்ட், உறை, பாலிஷ் என்று 9,000 ரூபாய் செலவாயிற்று. அடுத்த வாரம் ஒரு நண்பரைப் பின்னால் அமர்த்திக்கொண்டு மதுரை, தேனி, போடி வழியாக மூணாறு போவதாகத் திட்டம். போடிமெட்டு ஏறி மறுபக்கம் போவது. அதே வழியில் இறங்குவது.

அன்பானவர்களே, இயந்திரம் ஓடுகிறது என்பதும் வண்டி சாலைக்குத் தகுதியானது என்பதும் வேறு வேறு காரியங்கள். இந்த வேறுபாட்டை நாம் மறந்துவிடுகிறோம். இயந்திரம் பழுதானால் வண்டி நின்றுவிடும். நாம் வீட்டில் இருப்போம். பிரேக் பழுதானால் வண்டி நிற்காது. அன்று நான் பார்த்தது மூன்றே காரியங்கள்.

முதலாவது டயர். ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. அந்த வண்டியின் பின்டயரில் 2215 என்று இருந்தது. அதாவது 2015-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. அதிகம் ஓடாததால் பள்ளங்கள் ஆழமாகவே இருந்தன. ஆகவே நல்ல டயர் என்று தம்பி நினைத்துவிட்டார். ஆனால் ரப்பர் ஓடினால் மட்டும் கெடுவதல்ல. வெயிலிலும் காற்றிலும் சும்மா நின்றாலும் இறுகிப்போகும். நகத்தால் அழுத்தினேன், பதியவில்லை. பள்ளங்களின் அடியில் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தன. மழை நனைத்த மலைப்பாதையில் அந்த ரப்பர் சாலையைப் பிடித்துக்கொள்ளாது.

இரண்டாவது, பிரேக் எண்ணெய். கைப்பிடியின் அருகே இருக்கும் சிறு கிண்ணத்தின் கண்ணாடியில் பார்த்தால் அது இளந்தேன் நிறத்தில் தெரிய வேண்டும். அங்கே கருப்பட்டிக் காப்பியின் நிறத்தில் இருந்தது. இந்த எண்ணெய்க்கு ஒரு குணம் உண்டு: காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 என்னும் வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது அளவுகோல். ஈரம் ஏறிய எண்ணெய்க்கு அந்த அளவுகோலே 155 டிகிரிதான். சமவெளியில் இந்த வேறுபாடு தெரியாது. மலையிலிருந்து இறங்கும்போது, வளைவுக்கு வளைவு பிரேக் பிடிக்கப் பிடிக்க, டிஸ்க் சூடாகி அந்தச் சூடு எண்ணெய்க்கு ஏறும். உள்ளிருக்கும் ஈரம் கொதித்து ஆவிக்குமிழ் ஆகும். எண்ணெய் அழுந்தாது, ஆவி அழுந்தும். அப்போது நீங்கள் பிரேக்கைப் பிடித்தால் அது தடையில்லாமல் கைப்பிடி வரைக்கும் வந்துவிடும். வண்டி மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

மூன்றாவது, முன்சக்கரம். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்பக்கத்தை ஒருவரை அழுத்தச் சொல்லி, முன்சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்த்தேன். அரைச்சுற்று வந்து நின்றுவிட்டது. பிரேக்கை விட்ட பின்பும் காலிபரின் பிஸ்டன் துருவேறி உள்ளே திரும்பாமல் டிஸ்க்கை உரசிக்கொண்டிருந்தது. ஓடும் வழியெல்லாம் தானே சூடேறிக்கொண்டிருக்கும் பிரேக் அது.

இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு தாயின் பிள்ளையையும், இன்னொரு தாயின் பிள்ளையைப் பின்னால் ஏற்றி, போடிமெட்டுக்கு அனுப்ப நான் எப்படி ஜெபிப்பேன்?

நான் இப்படி நடந்துகொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை இதுவரை இந்தச் சபையில் சொன்னதில்லை. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு சேகரத்தில் நான் ஊழியம் செய்தபோது, ஒரு சகோதரர் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். பின்பிரேக் சரியாகப் பிடிக்காது என்று அவரே சொன்னார். "அடுத்த மாதச் சம்பளத்தில் பார்த்துவிடுவேன் ஐயா" என்றார். நான் தலையசைத்தேன், வண்டியின்மேல் கைவைத்து ஜெபித்தேன், எல்லாரும் ஆமென் என்றோம். இரண்டு மாதங்கள் கழித்து முதல் மழையில் அவர் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. மருத்துவமனையில் அவர் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது அவர் என்னைக் குறைசொல்லவில்லை. மெல்லிய குரலில் இதைத்தான் சொன்னார்: "நீங்கள் ஜெபித்தீர்கள் அல்லவா ஐயா, அதனால்தான் பிரேக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்."

இன்றும் அவர் சற்றுத் தாங்கித்தான் நடக்கிறார். என்னைக் கண்டால் அன்போடு விசாரிக்கிறார். ஆனால் அந்த வார்த்தை எனக்குள் தங்கிவிட்டது. என் ஜெபம் அவருக்குத் துணையாக இருந்திருக்க வேண்டும். அது அவருக்குச் சாக்காகப் போயிற்று. அதில் என் பங்கும் உண்டு.

விசுவாசக் குறைவு என்று சொன்னவர்களுக்கு நான் பணிவோடு இரண்டு காரியங்களை நினைவூட்டுகிறேன். தேவாலயத்து உப்பரிகையின்மேல் நம் ஆண்டவர் நிறுத்தப்பட்ட வேளையை எண்ணிப் பாருங்கள். தேவதூதர் தாங்கிக்கொள்வார்கள், குதியும் என்று அங்கே சொன்னவன் யார்? குதிக்க மறுத்தவர் யார்? மறுத்தவருக்கு விசுவாசம் குறைவு என்று நாம் சொல்லத் துணிவோமா? தேவனுடைய காவலை நம்புவது வேறு. அதைச் சோதித்துப் பார்ப்பது வேறு.

இன்னொன்று, உபாகமம் 22-ஆம் அதிகாரத்தின் 8-ஆம் வசனம். புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும் என்பது அந்தக் கட்டளை. யாரேனும் தவறி விழுந்தால் அந்தப் பழி வீட்டின்மேல் வரும் என்பதுதான் அதற்குச் சொல்லப்பட்ட காரணம். கவனியுங்கள்: வீட்டுக்காரனுக்குத் தன் மாடியின் விளிம்பு தெரியும். கைப்பிடிச்சுவர் வருகிறவனுக்காக, விளிம்பு தெரியாதவனுக்காக. நம் காலத்தில் பிரேக் அந்தக் கைப்பிடிச்சுவர். பின்னிருக்கையில் அமர்கிறவருக்கு உங்கள் பிரேக் எண்ணெயின் வயது தெரியாது. சாலையைக் கடக்கிற பாட்டிக்கு உங்கள் டயரின் இலக்கம் தெரியாது. எதிரே சைக்கிளில் வருகிற பள்ளிப்பிள்ளை உங்களை நம்பித்தான் வருகிறது.

இனி அந்த வண்டி எப்படிச் சீரானது என்பதைச் சொல்கிறேன். நம் வீடுகளில் பலவற்றில் இப்படி நின்றுபோன வண்டி ஒன்று இருக்கிறது, உங்களுக்கும் உதவும்.

தம்பியை நான் எனக்கு நெடுநாள் பழக்கமான ஒரு மெக்கானிக் பாயிடம் அழைத்துப் போனேன். 40 ஆண்டுகளாக இந்த வேலை செய்கிறவர். வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "ஓடாத வண்டி யாரையும் கொல்லாது, தம்பி. நிற்காத வண்டிதான் கொல்லும். நாம் நிற்கிறதிலிருந்து ஆரம்பிப்போம்." இயந்திரத்தை அவர் அன்று தொடவே இல்லை.

முன்னும் பின்னும் காலிபர்களைக் கழற்றினார். பிஸ்டன்களை மாற்றி, ரப்பர் வளையங்கள் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டார். புது பேடுகள். வெடித்திருந்த ரப்பர்க் குழாய்களை எறிந்துவிட்டுப் புதியவை பொருத்தினார். முத்திரை உடைக்காத புட்டியிலிருந்து புது எண்ணெய் ஊற்றி, கடைசிக் குமிழி வெளியேறும்வரை பொறுமையாக ஏர் எடுத்தார். அந்தப் புட்டியில் மிஞ்சியதை வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. திறந்த புட்டியும் ஈரத்தை உறிஞ்சும் என்றார். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இந்த எண்ணெயை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்றும் எச்சரித்தார்.

அடுத்தது சக்கரங்கள். இரண்டு டயர்களும் உள்ளே இருந்த டியூப்களும் புதிதாயின. ஒவ்வொரு ஸ்போக்கையும் ஸ்பேனரால் தட்டிக் கேட்டார். தளர்ந்த கம்பி மந்தமாக ஒலிக்கும் என்றார். சக்கரத்து பேரிங்குகளில் உப்புத் துரு ஏறியிருந்தது, மாற்றினார். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி ஹேண்டில்பாரை மெல்ல இடமும் வலமும் திருப்பிக் காட்டினார். நடுவில் வந்ததும் ஏதோ பள்ளத்தில் விழுந்ததுபோல் ஒரு தடக்கல். கோன் செட் தேய்ந்துபோயிருந்தது. அப்படியே ஓட்டினால் வளைவில் வண்டி நாம் சொல்கிற பக்கம் போகாமல் தயங்கும். முன் ஃபோர்க்கின் ஆயில் சீல் கசிந்து டிஸ்க்கின் பக்கம் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. புதுப் பிரேக் போட்டும் அதன்மேல் எண்ணெய் வழிந்தால் என்ன பயன்? அதையும் மாற்றினார். துருவேறி மடங்க மறுத்த செயினை, இரண்டு பல்சக்கரங்களோடும் சேர்த்தே மாற்றினார். தேய்ந்த பல்லில் புதுச் செயின் நிலைக்காது.

மூன்றாவதாக மின்சாரம். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தபோது உள்ளே எலிக்கூடு. வைக்கோலும் துணியும் பிள்ளைகள் எறிந்த மிட்டாய்த் தாள்களும். எலி அதோடு நிற்கவில்லை. முகப்பு விளக்குக்குப் போகும் கம்பிகளின் உறையையும் கடித்திருந்தது. பகலில் எல்லாம் எரியும். இரவில் ஒரு குலுக்கலில் அணைந்துவிடும். கம்பிகளைச் சீர்செய்து, புது பேட்டரி வைத்து, இயந்திரம் ஓடும்போது அது மின்னேறுகிறதா என்று அளந்து பார்த்தார். கைப்பிரேக்கைப் பிடித்தாலும் கால்பிரேக்கை மிதித்தாலும் பின்விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று இரண்டையும் தனித்தனியே சோதித்தார்.

இவையெல்லாம் முடிந்த பிறகுதான் இயந்திரத்துக்கு வந்தார். டாங்கியின் அடியில் பழைய பெட்ரோல் பிசினாகப் படிந்து, வார்னிஷ் வாடை அடித்தது. அதன்மேல்தான் முன்பு புதுப் பெட்ரோல் ஊற்றியிருந்தார்கள். எல்லாவற்றையும் இறைத்துவிட்டு, டாங்கிக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் ஒரு பிடி சிறிய நட்டுகளும் போட்டுக் குலுக்கினார். சிவந்த துருநீர் வந்தது. தெளியும்வரை திரும்பத் திரும்பக் குலுக்கி, எண்ணிப் போட்ட நட்டுகளை எண்ணியே எடுத்து, வெயிலில் உலர்த்தினார். கார்புரேட்டரின் ஜெட் துளைகளை மருந்து தெளித்துக் காற்றடித்துத் திறந்தார். கம்பியால் குத்தக்கூடாது, துளை பெரிதானால் கணக்கு கெட்டுவிடும். இயந்திர எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றி, சிறிது ஓடவிட்டு, மறுபடியும் மாற்றினார்.

இங்கே ஒரு குறிப்பு. நெடுநாள் நின்ற வண்டியை எடுத்ததும் ஸ்டார்ட் பட்டனை அழுத்தாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் சில துளி எண்ணெய் விட்டு, ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கடைசி கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றுங்கள். தங்குதடையின்றிச் சுழன்றால் மட்டும் மேலே செல்லுங்கள். நம் தம்பியின் வண்டியில் இதை ஒருவரும் செய்யவில்லை. இயந்திரம் பிழைத்துக்கொண்டது அதன் நல்ல காலம்.

கடைசியாக, வண்டியின் காகிதங்கள். ஆர்.சி. இன்னும் வளைகுடாவில் இருப்பவர் பெயரிலேயே இருந்தது. காப்பீடு எப்போதோ காலாவதி. "இதெல்லாம் ஊரில் எல்லாரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள் ஐயா" என்றார் தம்பி. இருக்கலாம். ஆனால் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, பிறருக்கு நேரும் இழப்பை ஈடுகட்டும் காப்பீடு இல்லாமல் எந்த வண்டியும் பொதுச் சாலையில் ஓடக்கூடாது. ஒரு கூலித்தொழிலாளியின்மேல் மோதிவிட்டால், அவர் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு வழிசெய்வது அந்தக் காகிதம். பெயர் மாற்றமும் அப்படியே. பெயர் மாற்றாமல் விற்றுவிட்ட வண்டி விபத்தில் சிக்கினால், பதிவேட்டில் பெயர் உள்ளவரே சொந்தக்காரராகப் பொறுப்பேற்க வேண்டும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நமக்கு நம்பி வண்டியைக் கொடுத்தவர், பாலைவனத்தில் வேலை செய்துகொண்டிருக்கும்போது, நம் தவறுக்கு ஈடு கட்ட வேண்டிவரும். அது நீதியா? தம்பி அவரோடு தொலைபேசியில் பேசினார். 29, 30 என்னும் எண்ணுள்ள படிவங்களில் கையொப்பம் வாங்கி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்தார். காப்பீடும் புகைச் சான்றும் எடுத்தார்.

எல்லாம் முடிய ஏழு வாரங்கள் ஆயின. செலவு 23,000 ரூபாய். 45,000 ரூபாய்க்கு வாங்கிய மலிவு வண்டி, பெயின்டையும் சேர்த்தால் 77,000 ரூபாய் ஆயிற்று. வாங்குமுன் இந்தக் கணக்கைப் போடுங்கள். கோபுரம் கட்ட உட்காருகிறவன் முதலில் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று நம் ஆண்டவர் சொன்னது நமக்குத் தெரியாததல்ல.

"எங்களிடம் அவ்வளவு பணம் இல்லையே ஐயா" என்று உங்களில் சிலர் நினைப்பீர்கள். அந்தக் கேள்வியை நான் இலேசாக எண்ணவில்லை. மீன்பிடித் துறைமுகத்துக்கு விடியுமுன் போகிறவர்களுக்கும், உப்பளத்துக்குப் போகிறவர்களுக்கும் வண்டி ஆடம்பரமல்ல; அது பிழைப்பு. ஆகவே எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. வரிசையை மாற்றாதீர்கள் என்றுதான் சொல்லுகிறேன். பிரேக், டயர், விளக்கு, காப்பீடு. இந்த நான்குக்கும் பணம் வரும்வரை வண்டி நிற்கட்டும், பேருந்தில் போங்கள். பெயின்டும் உறையும் இல்லாமல் வண்டி ஓடும். நம் தம்பி முதலில் செலவழித்த 9,000 ரூபாயில் இரண்டு டயர்களும் பிரேக் வேலையில் ஒரு பகுதியும் முடிந்திருக்கும். அவரே அதைச் சொல்லி வருந்தினார்.

வழக்கமாக இந்த இடத்தில் நான், "நம் ஆத்துமாவும் இந்த வண்டியைப் போலத்தான்" என்று தொடங்குவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். துரு, தூசு, எலிக்கூடு எல்லாவற்றுக்கும் ஒப்புமை சொல்லலாம். இவ்வாரம் அதைச் செய்ய மாட்டேன். நான் பேசுவது மெய்யான பிரேக்கைப் பற்றி. அதை உவமையாக்கிவிட்டால், கேட்டு நெகிழ்ந்து, ஆமென் சொல்லி, பழைய டயரிலேயே வீட்டுக்குப் போய்விடுவோம்.

இன்னொரு வார்த்தை, வீட்டு முகப்பில் வண்டி நிற்கிறவர்களுக்கு. தூரதேசத்தில் இருக்கும் மகனுடைய வண்டி. இறந்துபோன கணவருடைய வண்டி. விற்க மனம் வராது; தொடவும் மனம் வராது. அந்தத் துக்கத்தை நான் அறிவேன். ஆனால் நின்றபடியே அது அழிந்துகொண்டிருக்கிறது. வைத்துக்கொள்வதானால் பெட்ரோலை இறக்கி, பேட்டரியைக் கழற்றி, டயர்கள் தரையில் படாதபடி நிறுத்தி மூடிவையுங்கள். கணவர் காலமாகியிருந்தால் 30 நாட்களுக்குள் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் 31-ஆம் படிவத்தில் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நாட்கள் கடந்திருந்தாலும் பயப்படாமல் போய்க் கேளுங்கள்; துணைக்கு ஆள் வேண்டுமானால் என்னிடம் சொல்லுங்கள். விற்பதானால், அதன் குறைகளை வாங்குகிறவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். "ஓடிக்கொண்டிருந்த வண்டிதான்" என்பது முழு உண்மையல்ல.

சென்ற ஞாயிறு அந்தத் தம்பி மறுபடியும் வண்டியைக் கொண்டுவந்தார். இந்த முறை மல்லிகைச் சரம் இல்லை. நகக்கண்களில் கறுப்பு மசகு படிந்திருந்தது. கடைசி வாரங்களில் பாயோடு உட்கார்ந்து அவரும் வேலை செய்திருக்கிறார். நான் கேட்கும் முன்பே முன்சக்கரத்தைச் சுழற்றிக் காட்டினார். அது சத்தமில்லாமல் பல சுற்றுகள் வந்தது. நான் அவர் தோளின்மேல் கைவைத்து ஜெபித்தேன். பின்னால் அமரப்போகும் நண்பருக்காகவும், அவர்கள் கடந்துபோகும் ஊர்களில் சாலையோரம் நிற்கப்போகிறவர்களுக்காகவும் ஜெபித்தோம். மூணாறுப் பயணத்தை மழை ஓய்ந்த பிறகு வைத்துக்கொள்வதாகச் சொன்னார். முதலில் அருகிலேயே 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, நட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பாயிடம் காட்ட வேண்டுமாம்.

வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின் வேப்ப மரத்தடியில் மெக்கானிக் பாய் வந்து இருப்பார். நான் கேட்டுக்கொண்டதற்கு மகிழ்ச்சியோடு சம்மதித்தார். வாலிபப் பிள்ளைகள் அவருக்கு உதவுவார்கள். உங்கள் வண்டிகளைக் கொண்டுவாருங்கள். டயரில் உள்ள நான்கு இலக்கங்களை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பிரேக் எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள். சரிசெய்யப் பணம் இல்லாதவர்கள் கூச்சப்படாமல் என்னிடம் தனியே சொல்லுங்கள். இந்த முறை நான் தனியேதான் பேசுவேன். அதன் பிறகு சாவிகளைக் கொண்டுவாருங்கள். ஜெபிப்போம்.

பாதை எங்கும் கர்த்தர் உங்களைக் காப்பாராக. உங்களால் பிறருக்குத் தீங்கு நேராதபடியும் காப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்